விழுந்ததைச் சொல்லாத அம்மம்மா

அம்மம்மா விழுந்தது எங்களுக்கு மூன்று நாட்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்து விறாந்தையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல் தெரிந்தது. "என்னது அம்மம்மா இது?" என்று கேட்டோம். "கதவில இடிச்சுப்போட்டன்" என்றார். இடுப்பிலும் அதே நிறத்தில் இன்னொரு கண்டல் இருந்தது. கதவு இரண்டு இடத்தில் இடிக்குமா?

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியில் வந்தது. விடியக் காலமை நாலரை மணிக்கு எழும்பி, சாமிக்குச் செவ்வரத்தம்பூ பிடுங்கக் கிணற்றடிப் பக்கம் போயிருக்கிறார். குசினியின் பின்வாசலில் ஒரு படி இருக்கிறது. அறுபது வருடமாக ஏறி இறங்கிய படி. அதில் கால் வைத்ததாக நினைத்து வெறும் காற்றில் வைத்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழும்ப ஏலவில்லை. விடிந்து காகம் கத்தும்வரை நிலத்திலேயே கிடந்து, பிறகு அரைந்து அரைந்து உடுப்புத் தோய்க்கிற கல்லைப் பிடித்து எழும்பியிருக்கிறார். அந்த நேரம் நாங்கள் முன்னறையில் ஃபானைப் போட்டுவிட்டு நித்திரை.

"ஏன் எங்களைக் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டா என்னைக் கதிரையில இருத்திப் போடுவியள்."

நாங்கள் என்றால் மூன்று பேரப்பிள்ளைகள். அக்கா, தங்கை, சித்தியின் மகன். பெரியம்மா கனடாவில், மாமா லண்டனில், சித்தி கொழும்பில். அம்மா ஆசிரியை, காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வருவார். எங்கள் ஒழுங்கையில் இப்படியான வீடுகள்தான் கூட. பணம் வெளியிலிருந்து வரும், வயசுபோன ஆட்கள் உள்ளே இருப்பார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அம்மம்மா சொன்னதையே செய்தோம். கதிரையில் இருத்தினோம்.

பெரியம்மா காசு அனுப்பினார். விறாந்தையிலும் குசினியிலும் சீசீரீவி கமரா பூட்டினோம். கிணற்றடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். பூவைத் தம்பி பிடுங்கிக் கொடுத்தான். தேத்தண்ணி கைக்கு வந்தது. கோயிலுக்குப் போக வேண்டாம், வாசலிலிருந்து கும்பிடுங்கோ என்றோம். ரொறொன்ரோவில் இரவு பத்து மணிக்குப் பெரியம்மா கமராவில் பார்த்து, "அம்மா எழும்பி நடக்கிறா, ஆர் பக்கத்தில நிக்கிறியள்?" என்று போன் எடுப்பார். எல்லாம் அன்பில் செய்ததுதான். எங்களுக்கு அப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இரண்டரை மாதம் கழித்து அம்மம்மா இரண்டாம் தரம் விழுந்தார். இந்தமுறை இருட்டு இல்லை, படி இல்லை, ஈரமும் இல்லை. பட்டப்பகலில், நாங்கள் போட்டுக்கொடுத்த அதே கதிரையில் இருக்கப் போகும்போது, கதிரைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். வலக்கை மணிக்கட்டு உடைந்தது. கமராவில் எல்லாம் வடிவாகப் பதிவாகியிருந்தது.

அன்றிரவு ஆசுப்பத்திரியால் வந்து, அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வழுக்கவில்லை, தடக்கவில்லை. உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கிற நேரம் பாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான். "வயசு போனா விழுறதுதானே" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். எங்களுக்கு அது போதவில்லை. வயதுபோனவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று தேட வெளிக்கிட்டது அன்றைக்குத்தான்.

கமராவில் விழுவதைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று தெரிய வந்தது. கனடாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரொபினோவிச்சின் குழு, முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 விழுகைகளை ஆராய்ந்து 2013 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் பயப்படுகிற வழுக்கல் அதில் 3 வீதம்தான். தடக்கி விழுந்தது 21 வீதம். ஆகக் கூடியது, 41 வீதம், உடல் பாரத்தைப் பிழையாக மாற்றியதால். கதிரையில் இருக்கப் போகும்போது விழுவதும், சும்மா நிற்கும்போது விழுவதும் அதிலே முன்வரிசையில் இருந்தன. எங்கள் வீட்டுக் கமராவில் இருந்ததும் அதேதான்.

அங்கிருந்து தேடிப் போகையில்தான் மேரி ரினெற்றி என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவம் செய்கிற டொக்டர். 2009 இல் மக்ஆர்தர் நிதிநல்கை பெற்றவர். விழுவது முதுமையோடு தானாக வருகிற விதி என்று வைத்தியர்களே நினைத்திருந்த காலத்தில், அதை ஒரு நோயைப் போலக் காரணம் தேடி ஆராயலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர்.

1988 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சொந்த வீடுகளில் வாழ்கிற, 75 வயதும் அதற்கு மேலுமான 336 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 108 பேர், அதாவது 32 வீதம், ஒரு தரமாவது விழுந்தார்கள். ஏன் என்று பார்த்தால் ஒரு பட்டியல் வருகிறது: நித்திரைக்கும் மனதை அமர்த்துவதற்கும் எடுக்கிற மருந்துகள், ஞாபகமும் புத்தியும் மங்குவது, கால்களின் பலவீனம், பாதத்தில் உள்ள கோளாறுகள், சமநிலையிலும் நடையிலும் வருகிற மாற்றங்கள். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு விழுகிற வாய்ப்பு 8 வீதம். நாலோ அதற்கு மேலோ இருந்தால் 78 வீதம்.

எங்களை உலுக்கியது இந்த இரண்டு எண்களும்தான். வயது எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் போகிறது. ஆனால் 8 இற்கும் 78 இற்கும் இடையில் கிடக்கிற பலவும் நாங்கள் கை வைக்கக்கூடிய விடயங்கள். ஒரு காரணத்தால் யாரும் விழுவதில்லை, சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் விழுத்துகின்றன. அப்படியென்றால் அதில் ஒன்றிரண்டைக் கழற்றினாலும் லாபம்தான்.

உடம்பு எப்படி நிற்கிறது என்பதை நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும். கண். உட்காதில் இருக்கிற மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றோடு சேர்ந்த நுண்ணிய கற்களும். பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் இருந்து வருகிற உணர்வு. மூளை இவற்றைச் சேர்த்துத்தான் கால் தசைகளுக்குக் கட்டளை கொடுக்கிறது. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். அம்மம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சலரோகம், பாதத்தில் விறைப்பு. ஆகவே கண்ணை நம்பித்தான் நடந்திருக்கிறார். விடியக் காலமை நாலரை மணி இருட்டு அந்தக் கண்ணையும் பறித்துவிட்டது. அறுபது வருடப் படி அன்றைக்கு ஏன் காணாமல் போனது என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

ரினெற்றி 1986 இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். இயந்திரம் ஒன்றும் வேண்டாம், ஒரு வன்கதிரை போதும். கதிரையால் எழும்பச் சொல்கிறார்கள், நிற்கச் சொல்கிறார்கள், நெஞ்சில் மெல்லத் தள்ளிப் பார்க்கிறார்கள், கண்ணை மூடி நிற்கச் சொல்கிறார்கள், ஒரு வட்டம் திரும்பச் சொல்கிறார்கள், பிறகு நடை. மொத்தம் 28 புள்ளி. 19 இற்குக் கீழே என்றால் விழுகிற ஆபத்து அதிகம். ஆசுப்பத்திரியில் பிளாஸ்டர் கழற்றிய பிறகு பிசியோதெரப்பி மிஸ் அம்மம்மாவுக்கு இதைச் செய்து பார்த்தார். 17 வந்தது. "உங்கட அம்மம்மாக்கு நடக்கத் தெரியாம இல்லை, தொடையில பலம் போட்டுது. எவ்வளவு நாள் இருத்தி வச்சனீங்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டரை மாதம்.

இந்த இடத்தில் எங்கள் தலைமுறையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 95 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் எங்கள் அம்மாவுமாக, மழைக்குள் நடந்தவர் இவர். அப்போது அவருக்கு ஐம்பது வயது. அந்தக் கால்களை நாங்கள் எழுபத்தொன்பது வயதில் ஒரு கதிரைக்குள் அடக்கி, அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைத்தோம். ஒரு சண்டையாலும் செய்ய முடியாமல்போனதை எங்கள் பயம் இரண்டரை மாதத்தில் செய்துவிட்டது.

பயத்தையும் ரினெற்றி அளந்திருக்கிறார். 1990 இல் அவரும் சகாக்களும் ஒரு கேள்விப் பட்டியல் செய்தார்கள். குளிக்க, அலுமாரியில் ஒன்றை எடுக்க, கதவு மணி கேட்டால் போய்த் திறக்க, விழாமல் செய்வேன் என்று எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் கேள்வி. விழுந்தவர் பயத்தில் நடையைக் குறைப்பார், குறைக்கக் குறைக்கத் தசை கரையும், தசை கரைந்தால் திரும்ப விழுவார். ஆனால் எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்குப் பயம் குறைவு. பயம் முழுக்க எங்களுக்கும், ரொறொன்ரோவுக்கும்தான். அந்தக் கேள்விப் பட்டியலை எங்களிடம் கொடுத்திருந்தால் நாங்கள் பாஸாகியிருக்க மாட்டோம்.

சரி, பிறகு என்ன செய்தோம்?

முதலில் மருந்து. ரினெற்றியின் குழு 1994 இல் செய்த ஆய்வில் 70 வயதுக்கு மேற்பட்ட 301 பேர். ஒரு பகுதியினருக்கு மருந்துகளைத் திருத்தினார்கள், எழும்பும்போது இரத்த அழுத்தம் விழுகிறதா என்று பார்த்தார்கள், உடற்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 35 வீதம் பேர் விழுந்தார்கள், மற்றப் பகுதியினரில் 47 வீதம். இதை வாசித்துவிட்டு அம்மம்மாவின் குளிசைகளை எல்லாம் ஒரு தட்டில் கொட்டினோம். ஏழு விதம். அதில் ஒன்று நித்திரைக் குளிசை. தாத்தா செத்த வருடம் ஒரு மாதத்துக்கென்று எழுதிக் கொடுத்தது, ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்களாக ஒன்றையும் நிப்பாட்டவில்லை. தட்டோடு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் படுக்கவைத்து ஒருதரம், எழுப்பி நிறுத்தி ஒருதரம் பிரஷர் பார்த்தார். எழும்பியவுடன் நன்றாக இறங்கியது. பிரஷர்க் குளிசையின் அளவை மாற்றினார். நித்திரைக் குளிசையைச் சில கிழமைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அதுவரை ஒவ்வொரு விடியற்காலையும் அவர் அரை மயக்கத்தில்தான் கிணற்றடிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாவது வீடு. படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ற் ஒரு பட்டையாக அடித்தோம். குசினிப் பின்வாசலில் லைற் போட்டோம். படிக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு இரும்புப் பைப். தேய்ந்த இறப்பர் செருப்பை எறிந்துவிட்டுக் குதியில் பட்டி உள்ள செருப்பு. எல்லாமாகச் சேர்த்துக் கமராவின் விலையில் கால்வாசி வரவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. நியூசிலாந்தில் ஒராகோ பல்கலைக்கழகத்தில் ஜோன் கம்பெல் குழு 1997 இல், 80 வயதைத் தாண்டிய 233 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யிற உடற்பயிற்சி. ஒரு வருடத்தில் பயிற்சி செய்தவர்களிடம் 88 விழுகைகள், செய்யாதவர்களிடம் 152. அந்தப் பயிற்சிகளின் முறையைத்தான் பிசியோ மிஸ் எங்களுக்கும் காட்டித்தந்தார். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதியைத் தூக்குவது பத்துத்தரம். கை ஊன்றாமல் கதிரையால் எழும்புவது. ஒரு காலின் குதிக்கு முன்னால் மற்றக் காலின் விரல் தொட நடப்பது. பின்பக்கமாக நடப்பது. ஒற்றைக் காலில் நிற்பது. கணுக்காலில் கட்டப் பாரத்துக்கு நாங்கள் பழைய காற்சட்டைத் துணியில் மண் நிரப்பித் தைத்தோம்.

அம்மம்மா முதல் கிழமை சிரித்தார், இரண்டாம் கிழமை ஏசினார். "இந்த வயசில எனக்கு டிரில் பழக்கிறியளோ?" மூன்றாம் கிழமை பக்கத்து வீட்டு மாமியும் வந்து மேசையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் சொல்லத் தேவை வரவில்லை. இரண்டு பேரும் ஊர்ப் புதினம் கதைத்துக்கொண்டு குதியைத் தூக்குவார்கள்.

கதைப்பதைப் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது. சுவீடனில் 1997 இல் ஒரு குழு, முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே கதை கொடுத்துப் பார்த்தது. கதைப்பதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நடையே மூளையை முழுக்க எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு வேலைக்கு இடம் இல்லை. இதை வாசித்துவிட்டு அம்மம்மாவோடு ஒழுங்கையில் நடந்து கதை கொடுத்தோம். நின்றுவிட்டார். பதறிப்போனோம். பிறகு பார்த்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லோருமே கதைக்கிறதுக்கு நிற்கிறார்கள், எதிரே சைக்கிளில் வந்த அண்ணையும் உட்பட.

இனி நாங்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இதெல்லாம் செய்தால் விழவே மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 86 மருத்துவ நிலையங்களில் 5451 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2020 இல் வெளியானது. ஒவ்வொருவரின் ஆபத்தையும் பார்த்துத் தாதிமார் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும், விழுந்து கடுமையாகக் காயப்படுவது உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்குக் குறையவில்லை. அதை வாசித்த அன்று எங்களுக்குச் சோர்வாக இருந்தது. உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2019 இன் கொக்ரேன் மதிப்பீடு கொஞ்சம் தெம்பு தந்தது. 108 ஆய்வுகள், விழுகைகள் 23 வீதம் குறைவு. நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் நூறில் இருபத்து மூன்று என்பது ஒரு வீட்டுக்குச் சின்ன எண் இல்லை.

ஆகவே, விழுந்தால் எப்படி எழும்புவது என்பதையும் பழக்கினோம். விழுந்தும் காயப்படாத 313 பேரைப் பற்றி ரினெற்றி 1993 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 47 வீதம் பேர் ஒரு தரமாவது தாங்களாக எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார்கள். எங்கள் அம்மம்மா தோய்க்கிற கல் மட்டும் அரைந்த அந்த விடியற்காலை எங்களுக்கு நினைவு வந்தது. பாயில் படுத்து, பக்கவாட்டில் திரும்பி, முழங்கையில் ஊன்றி, தவழ்ந்து போய், கதிரையில் கையை வைத்து, பலமான காலை முன்னுக்கு வைத்து எழும்புவது. முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் செய்து காட்டினோம். தங்கைக்கு மூச்சு வாங்கியது. அம்மம்மாவுக்கு அன்றைக்குத்தான் நல்ல சந்தோசம்.

ரினெற்றி பிற்காலத்தில் விழுகையைத் தாண்டி இன்னொரு கேள்விக்குப் போனார். பல நோய்களோடு வாழ்கிற முதியவரிடம், உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு, அதிலிருந்து வைத்தியத்தைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இப்போது அவர் செய்கிற வேலை. நாங்களும் கேட்டோம். இவ்வளவுக்கும் பிறகுதான் கேட்டோம் என்பதே வெட்கம்.

"விடியப்புறம் நானே போய்ப் பூப் பிடுங்கோணும். ஒருத்தரும் எனக்குப் பின்னால வரக்கூடாது."

அன்றிரவு போனில் பெரிய சண்டை. பெரியம்மா அழுதார். "நாளைக்கு இடுப்பு உடைஞ்சா ஆர் பொறுப்பு?" நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. முடிவில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நாலரை இல்லை, ஆறு மணி, வெளிச்சம் வந்த பிறகு. கழுத்தில் ஒரு விசில். குசினிக் கமராவைக் கழற்றுவது, விறாந்தைக் கமரா இருக்கட்டும். அம்மம்மா விசிலைப் பார்த்து, "நான் என்ன ரபிக் பொலிஸோ?" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார். பூட்டைக் கழற்றினோம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அதே சோதனையில் 22 வந்தது. அதற்கிடையில் ஒருதரம் வேலியோரம் தடக்கி விழுந்தார். தானாக எழும்பி வந்தார். வந்து முதல் வேலையாக எங்களிடம் சொன்னார். அந்தச் சொன்னதைத்தான் நாங்கள் 22 ஐ விடப் பெரிதாக நினைக்கிறோம்.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படியே எங்கள் நாட்டில் நூறில் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இளையவர்கள் வெளிக்கிட்டுக்கொண்டே இருக்கிறோம். தம்பி இப்போது ஜப்பானிய மொழி படிக்கிறான். அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகப் போகிறான். கட்டிலிலிருந்து ஒருவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று வகுப்பில் பழக்குகிறார்கள், அதை அவன் அம்மம்மாவில் செய்து பார்க்கிறான். "இவன் என்னைப் பிடிச்சுப் பழகிப்போட்டு, பிறகு போய் ஆரையோ பிடிக்கப் போறான்" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தம்பி சிரிக்கவில்லை. ஒழுங்கையின் மற்ற வீடுகளையும் எண்ணிப் பார்த்தோம். பூட்டின கிணற்றடிக் கதவுகள் இன்னும் நாலு இருக்கின்றன. அந்த வீடுகளுக்குப் போய் மேசை பிடிக்கச் சொல்லலாம் என்று மாமி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். வாற ஞாயிறு தொடங்குகிறோம்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று. இன்றைக்குப் பின்னேரம் உங்கள் வீட்டு அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கதிரையால் கை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. பிறகு, கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள்.